சுருளி வழக்குக்குப் பிறகு: தேனி மாவட்ட வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

லட்சுமிபுரத்திலும் பெரியகுளத்திலும் உத்தமபாளையத்திலும் போடியிலும் ஆண்டிபட்டியிலும் வழக்காடும் வழக்கறிஞர் பெருமக்களுக்கு,

நான் சட்டம் படித்தவன் இல்லை. வக்கீல் குமாஸ்தாவாக வேலை பார்த்து ஓய்ந்தவன். கேஸ் கட்டு சுமந்திருக்கிறேன், வாய்தா தேதி குறித்திருக்கிறேன், நகல் மனு எழுதி வரிசையில் நின்றிருக்கிறேன். உங்களில் பலருடைய சீனியர்களை அவர்கள் ஜூனியராக இருந்த காலத்திலிருந்தே தெரியும். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் சில விஷயங்களை உங்கள் முன் வைக்க வேண்டும். பொறுமையாகப் படியுங்கள்.

2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் சுருளி அருவி இரட்டைக் கொலை வழக்கில் தீர்ப்பு சொன்னது. நீதிபதிகள் விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா ஆகியோர் அடங்கிய அமர்வு. 2018 மார்ச்சில் நம்முடைய தேனி நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்து, 2019 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை உறுதி செய்த மனிதரை, அந்த அமர்வு குற்றச்சாட்டுகள் அனைத்திலிருந்தும் விடுவித்தது. அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. விடுதலையான மனிதரை விட்டுவிடலாம். கொலையுண்ட இருவரின் பெயரையும் எழுதப் போவதில்லை. அந்தப் பெண்ணின் அடையாளத்தைச் சொல்லக் கூடாது என்பது சட்டம். சட்டம் சொல்லாவிட்டாலும் நான் எழுதமாட்டேன்.

2011 மே மாதம் நடந்தது அது. கோடை விடுமுறைக் கூட்டம் சுருளிக்குப் போய் வந்துகொண்டிருந்த நேரம். ஓர் இளைஞரும் ஓர் இளம்பெண்ணும் அருவிக்குப் போனார்கள், திரும்பவில்லை. சில நாள் கழித்து வனப்பகுதியில் இரண்டு உடல்கள் கிடைத்தன. அந்த நாட்களில் கம்பத்திலும் சின்னமனூரிலும் கூடலூரிலும் எந்த டீக்கடையில் நின்றாலும் இதே பேச்சு. பிடிபட்டவனை விசாரிக்கவே வேண்டாம், அருவிக் கரையிலேயே தொங்கவிடுங்கள் என்றுதான் ஊர் பேசியது. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் வேறு எப்படிப் பேசுவார்கள்? நானும் அந்தப் பேச்சுக்கு நடுவில் நின்றவன்தான்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது என்பதை, தீர்ப்பைப் படிக்காத உங்கள் ஜூனியர்களுக்காகச் சொல்கிறேன். நேரில் பார்த்த சாட்சி இல்லை. சந்தர்ப்ப சாட்சியம்தான். கடைசியாகப் பார்த்தோம் என்றவர்களின் சாட்சியம் நிற்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்ற பேச்சும் நிற்கவில்லை. வழக்கின் முதுகெலும்பாக இருந்தது டிஎன்ஏ ஆய்வு. அந்த மாதிரி எப்போது எடுக்கப்பட்டது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எங்கே வைக்கப்பட்டிருந்தது, முத்திரை எப்படி இருந்தது, ஆய்வகத்துக்குப் போக ஏன் அவ்வளவு நாளானது என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லை. மாதிரியில் கலப்பு நேர்ந்திருக்கலாம் என்ற சந்தேகத்தை அரசுத் தரப்பால் நீக்க முடியவில்லை. அந்த அறிக்கையை வைத்து ஒருவரைத் தூக்கில் போட முடியாது என்றது நீதிமன்றம்.

அதோடு நிற்கவில்லை. இனி நாடு முழுவதும் டிஎன்ஏ மாதிரிகளை எப்படிக் கையாள வேண்டும் என்று நெறிமுறையும் வகுத்தது. எடுத்த 48 மணி நேரத்துக்குள் மாதிரி தடய அறிவியல் ஆய்வகத்தை அடைய வேண்டும். தாமதமானால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். ஒருமுறை மூடி முத்திரையிட்ட பொட்டலத்தை விசாரணை நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் திறக்கக் கூடாது. எடுத்த நிமிடத்திலிருந்து வழக்கு முடியும் வரை யார் யார் கையில் இருந்தது என்பதற்குத் தனிப் பதிவேடு வேண்டும். எல்லா மாநிலங்களின் காவல்துறைத் தலைமை இயக்குநர்களுக்கும் தீர்ப்பு அனுப்பப்பட்டது. இந்தியாவின் எந்த மூலையில் இனி ஒரு மாதிரி எடுத்தாலும் அதற்குப் பின்னால் நம் சுருளி வழக்கு நிற்கும். தவறாகச் சிறையில் அடைக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரச் சட்டம் தேவை என்ற பேச்சையும் அதே தீர்ப்பு எடுத்தது. அதை நாடாளுமன்றத்தின் யோசனைக்கு விட்டது.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். உச்ச நீதிமன்றம் புதிதாக ஒரு சாட்சியையும் விசாரிக்கவில்லை. தேனியில் இருந்த அதே கட்டுதான் டெல்லிக்குப் போனது. அதே வாக்குமூலங்கள், அதே மகஜர்கள், அதே ஆய்வக அறிக்கை. அந்தக் காகிதங்களுக்குள் இருந்த ஓட்டை 2018இலும் இருந்தது, 2019இலும் இருந்தது. அது நீதிமன்றத்தின் கண்ணில் தைக்க 2025 ஆகிவிட்டது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளும் ஒருவர் தலைமீது தூக்குக் கயிறு தொங்கியது.

அந்த வழக்கை இங்கே நடத்தியவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஒரு வழக்கறிஞர் கேட்ட கேள்விக்கு நீதிமன்றம் உரிய எடை கொடுக்காமல் போவது புதிதல்ல. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்வது நாளைக்கு வரப்போகும் வழக்கைப் பற்றி. வரும். இந்தப் பள்ளத்தாக்கில் இன்னொரு குழந்தைக்குக் கொடுமை நடக்கக் கூடாது, இன்னொரு பெண் கொல்லப்படக் கூடாது என்று வேண்டிக்கொள்வோம். ஆனால் உங்கள் அனுபவம் வேறு மாதிரிச் சொல்கிறது. அப்படி ஒன்று நடந்து, ஊர் திரண்டு சாலையில் உட்கார்ந்து, ஒருவரை முகத்தை மூடி நீதிமன்றத்துக்குக் கொண்டு வருகிற அன்று உங்களில் யார் வக்காலத்து போடுவீர்கள்?

உங்களுக்குள்ள தயக்கம் எனக்குப் புரியாததல்ல. இது சென்னை இல்லை. இங்கே வழக்கறிஞரும் இறந்தவரின் சித்தப்பாவும் ஒரே கடையில் காய்கறி வாங்குகிறவர்கள். இறந்தவர் உங்கள் சாதியாக இருந்தால் உறவுக்காரர்கள் வீட்டு வாசலுக்கே வந்து விடுவார்கள். வேறு சாதியாக இருந்தால், "அவன் ஆளுன்னு காப்பாத்தப் போறான்" என்ற பேச்சு கிளம்பும். கல்யாண வீட்டில் முகம் திருப்புவார்கள். வழக்கமாக வருகிற சொத்துக் கட்சிக்காரர் கட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார். வீட்டில் மனைவி கேட்பார், "நமக்கும் பொம்பளப் பிள்ளை இருக்கே" என்று. பெண் வழக்கறிஞராக இருந்தால் கேட்கவே வேண்டாம். அவரைக் கேட்கிற கேள்வி இரட்டிப்பாக வரும். இத்தனையையும் தாங்கி நிற்கிறவருக்குக் கிடைக்கிற சம்பளமும் பெரும்பாலும் ஒன்றும் இராது. காசு உள்ள குற்றவாளிக்கு வக்கீல் கிடைக்காமல் போனதை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. மாட்டிக்கொள்வது எப்போதும் ஒன்றுமில்லாதவன்தான்.

ஆனால் தயக்கம் ஒன்று, தீர்மானம் ஒன்று. ஒரு வழக்கறிஞர் தனக்குள் தயங்குவது மனித இயல்பு. ஒரு சங்கம் கூடி, "இந்த வழக்கில் எதிரிக்காக யாரும் ஆஜராகக் கூடாது" என்று எழுதிக் கையெழுத்திடுவது வேறு. நம் தமிழ்நாட்டிலேயே அது நடந்தது. வழக்கறிஞர்களுக்கும் போலீஸாருக்கும் இடையே நடந்த மோதலை ஒட்டி, அந்த வழக்கில் சிக்கிய போலீஸாருக்காக எவரும் ஆஜராகக் கூடாது என்று கோயம்புத்தூர் வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. அது முகமது ரஃபி வழக்காக உச்ச நீதிமன்றம் வரை போனது. 2010 டிசம்பரில் நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் ஞான் சுதா மிஸ்ராவும் சொன்ன தீர்ப்பு உங்கள் ஒவ்வொரு சங்கத்தின் சுவரிலும் மாட்டத் தகுந்தது. அப்படிப்பட்ட தீர்மானங்கள் அரசமைப்புச் சட்டத்துக்கு எதிரானவை, செல்லாதவை, வழக்கறிஞர் சமூகத்துக்கே அவமானம் என்றது நீதிமன்றம். அடித்தவர்கள் போலீஸ் என்றாலும், அடிபட்டவர்கள் வழக்கறிஞர்கள் என்றாலும் சட்டம் மாறாது என்பதுதான் அதன் பொருள். உங்கள் இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதியே சொல்கிறது: குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளிதான் என்று உங்கள் மனசு சொன்னாலும் அவருக்காக நிற்க வேண்டும், போதிய சாட்சியம் இல்லாமல் எவரும் தண்டிக்கப்படக் கூடாது என்ற சட்டத்துக்குத்தான் நீங்கள் விசுவாசம் காட்ட வேண்டும். வழக்கை ஏற்காமல் இருக்கத் தனிக் காரணம் ஒருவருக்கு இருக்கலாம். விதி அதற்கும் இடம் தருகிறது. ஊர் கோபம் அந்தக் காரணங்களில் ஒன்றல்ல.

தீர்ப்பு வந்து எட்டாண்டு கூட ஆகவில்லை, 2018 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் என்ன நடந்தது? அயனாவரத்தில் ஒரு சிறுமிக்கு நடந்த கொடுமை நம் எல்லாரையும் உலுக்கியது. பதினேழு பேரை நீதிமன்றத்துக்குக் கொண்டு வந்தபோது கறுப்புக் கோட்டு போட்டவர்களே அவர்களை அடித்தார்கள். அவர்களுக்காக யாரும் ஆஜராக மாட்டோம் என்ற அறிவிப்பும் வந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது நம் மக்களில் எத்தனை பேர் கைதட்டினார்கள்! 2020 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பதினைந்து பேருக்குத் தண்டனை. ஒருவர் விசாரணைக் காலத்திலேயே இறந்துவிட்டார். ஒருவர் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலையானார். அந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். அன்று அந்த வளாகத்தில் விழுந்த அடியில் அவருக்கும் பங்கு இருந்தது. அன்று சொன்னபடியே யாரும் ஆஜராகாமல் இருந்திருந்தால், பதினைந்து பதினாறாகியிருக்கும். நாமும் திருப்தியாக இருந்திருப்போம்.

ஹைதராபாத்தில் 2019இல் ஒரு கால்நடை மருத்துவரைக் கொன்ற வழக்கில் நால்வர் பிடிபட்டார்கள். ஷாத்நகர் வழக்கறிஞர்கள் அவர்களுக்காக ஆஜராவதில்லை என்றார்கள். வாதாடத் தேவையே இல்லாமல் போனது. டிசம்பர் 6 அதிகாலையில் நால்வரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போலீஸார் மீது மக்கள் பூ தூவினார்கள். பின்னால் உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்பூர்கர் ஆணையம், அது மோதல் அல்ல, கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டது என்றது. நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. அவர்கள்தான் செய்தார்களா என்று இனி எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்க வழியில்லை.

நீங்கள் கேட்கலாம்: "ஐயா, சந்தேகமே இல்லாத வழக்கும் உண்டே, கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்கு என்ன செய்வது?" மும்பைத் தாக்குதலில் சிக்கிய கசாப்பைவிடக் கையும் களவுமாகப் பிடிபட்டவர் எவர்? துப்பாக்கியோடு அவர் நடந்த படத்தை உலகமே பார்த்தது. மும்பையின் பெருநகர நீதித்துறை நடுவர் நீதிமன்ற வழக்கறிஞர் சங்கம் அவருக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்றது. அவருக்கு வழக்கறிஞராக நியமிக்கப்பட்ட அஞ்சலி வாக்மாரேயின் வீட்டை முற்றுகையிட்டார்கள். அப்படியும் கசாப்புக்காக வழக்கறிஞர்கள் நின்றார்கள். உச்ச நீதிமன்றத்தில் ராஜு ராமச்சந்திரன் நீதிமன்றத்துக்கு உதவும் வழக்கறிஞராக நின்று, சொல்லக்கூடிய ஒவ்வொரு வாதத்தையும் சொன்னார். 2012இல் தண்டனை உறுதியானது. இன்றைக்கு எந்த நாட்டுக்காரரும் அந்த விசாரணையைப் பார்த்து விரல் நீட்ட முடியாது. குற்றவாளிக்கு நல்ல வக்கீல் கிடைத்ததால் தண்டனை உறுதிப்பட்ட வழக்கு அது.

அதே வழக்கில் இன்னும் ஒன்று இருக்கிறது; அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. கசாப்போடு சேர்த்து இரண்டு இந்தியர்கள், தாக்குதலுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டார்கள். இறந்த ஒரு பயங்கரவாதியின் சட்டைப் பையிலோ கால்சட்டைப் பையிலோ அந்தக் கைவரைபடம் கிடைத்ததாகச் சொன்னார்கள். உடுப்பெல்லாம் ரத்தம், வரைபடத்தில் கறையே இல்லை. இருவரும் விடுதலை ஆனார்கள். உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அவர்களில் ஒருவருக்காக வாதாடியவர் இளம் வழக்கறிஞர் ஷாஹித் ஆஸ்மி. தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை. 2010 பிப்ரவரியில் மும்பை குர்லாவில் தன் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். உங்கள் தொழிலில் அப்படியும் ஒருவர் இருந்தார் என்பதை ஜூனியர்களுக்குச் சொல்லுங்கள்.

நம் பக்கத்திலேயே ராஜீவ் காந்தி கொலை வழக்கு இருக்கிறது. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் இருபத்தாறு பேருக்கும் தூக்கு என்றது. அந்த நாளில் அவர்களுக்காகப் பேசுவது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றத்தில் மூத்த வழக்கறிஞர் என்.நடராஜன் நின்றார். 1999 மே மாதம் பத்தொன்பது பேர் கொலைச் சதியிலிருந்து விடுபட்டார்கள். பத்தொன்பது உயிர்.

ஆனால் வக்காலத்தில் ஒரு பெயர் இருந்துவிட்டால் மட்டும் போதாது. இதுதான் இந்த மடலில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, ஏனென்றால் நம் பக்கம் நடக்கிற அநியாயம் பெரும்பாலும் இந்த வகைதான். வெளிப்படையாக மறுக்கமாட்டீர்கள். இலவச சட்ட உதவியில் யாரோ ஒரு ஜூனியர் தலையில் கட்டு விழும். அவர் எதிரியை நேரில் பார்த்ததே இருக்காது. சாட்சி வரும், "குறுக்கு விசாரணை இல்லை" என்று பதிவாகும். மருத்துவரையும் ஆய்வக நிபுணரையும் இரண்டு கேள்வியில் இறக்கிவிடுவார்கள். ஊருக்குக் கோபம் வரவில்லை, நீதிமன்றத்துக்கு வேலை முடிந்தது, எதிரிக்கும் வக்கீல் இருந்தார். காகிதத்தில் எல்லாம் சரி.

2025 அக்டோபர் 8 அன்று, சுருளி வழக்கில் தீர்ப்புச் சொன்ன அதே மூன்று நீதிபதிகள் இன்னொரு தமிழ்நாட்டு வழக்கில் சொன்னதைக் கேளுங்கள். சென்னை முகலிவாக்கத்தில் 2017இல் ஒரு சிறு குழந்தை கொல்லப்பட்ட வழக்கு. தமிழ்நாட்டில் அதைப் படித்து அழாத தாய் இல்லை. செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தூக்கு விதித்தது. உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. காரணங்களில் ஒன்று, எதிரிக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்பது. குற்றச்சாட்டு வனையப்பட்ட நாளில் அவருக்கு வழக்கறிஞரே இல்லை. அதன் பிறகு சட்ட உதவி வழக்கறிஞர் நியமிக்கப்பட்டு, கட்டு கையில் கொடுக்கப்பட்ட நான்கு நாளில் சாட்சி விசாரணை தொடங்கிவிட்டது. தூக்கு விதிக்கக்கூடிய வழக்கு. படிக்க நான்கு நாள்.

அந்தக் குழந்தையின் தகப்பனாரை நினைக்கிறேன். சுருளியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த இரண்டு குடும்பங்களையும் நினைக்கிறேன். விசாரணை ஒழுங்காக நடக்கவில்லை என்றால் தண்டனை நிற்காது. நிற்காமல் போகும்போது அவர்களுக்குக் கடைசியில் கையில் இருப்பது வெறுமை. யார் செய்தார் என்ற கேள்வி பதினான்கு ஆண்டு கழித்துத் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிறது. இனி யாரைத் தேடுவது, எந்தச் சாட்சி உயிரோடு இருக்கிறார், எந்தத் தடயம் மிச்சம்? விசாரணை நீதிமன்றத்திலேயே எதிர்த்தரப்பு முழு மூச்சோடு மோதியிருந்தால், ஓட்டை அன்றே தெரிந்திருந்தால், போலீஸ் வேறு திசையிலும் தேடியிருக்கலாம். அல்லது இருக்கிற சாட்சியத்தை ஒழுங்காக நிறுத்தியிருக்கலாம். எதிரிக்காக நீங்கள் செய்கிற உழைப்பு, இறந்தவருக்கும் செய்கிற உழைப்புதான். இறந்தவரின் தாயாரிடம் இதைச் சொல்லிப் புரிய வைக்க முடியாது, எனக்குத் தெரியும். அவர் உங்களைச் சபிப்பார். அந்தச் சாபத்தைத் தாங்கத்தான் உங்களுக்கு அந்தக் கறுப்புக் கோட்டைக் கொடுத்திருக்கிறார்கள்.

இதோடு ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எதிரிக்காக நிற்பது என்றால் பாதிக்கப்பட்ட பெண்ணைக் கூண்டில் வைத்து நோகடிப்பது என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் ஏன் அந்த நேரத்தில் அங்கே போனாள், யாரோடு பழகினாள் என்று கிண்டுவதைச் சட்டமே தடுக்கிறது. அப்படிப்பட்ட கேள்வி வழக்கை வெல்லாது. ஊர் உங்கள் தொழிலையே வெறுக்க வைக்கும். சுருளி வழக்கு உடைந்தது யாருடைய நடத்தையைக் கிளறியும் அல்ல. மாதிரி எந்தத் தேதியில் எங்கே இருந்தது என்ற கேள்வியில்தான். குற்றவியல் வழக்கில் நல்ல குறுக்கு விசாரணை பெரும்பாலும் தேதியையும் முத்திரையையும் கையெழுத்தையும் பற்றியதாகவே இருக்கும். பொய்ச் சாட்சி தயார் செய்யச் சொல்லியும் யாரும் உங்களைக் கேட்கவில்லை. கட்டைப் படியுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

அதனால் என் வேண்டுகோள் இதுதான்.

ஐந்து ஊர்ச் சங்கங்களும் கூடி ஒரே ஒரு தீர்மானம் போடுங்கள். எந்தக் குற்றமானாலும், எந்தச் சாதிக்காரர் இறந்தாலும், எந்தச் சாதிக்காரர் எதிரியானாலும், இந்த மாவட்டத்தில் ஆஜராக மறுக்கும் தீர்மானம் எந்நாளும் போடமாட்டோம் என்று. முகமது ரஃபி தீர்ப்பு வந்த நாடு இது. அதைத் திரும்பச் சொல்ல ஒரு மாலைக் கூட்டம் போதும். ஊர் கொதிக்கிற நாளில் இந்தத் தீர்மானத்தைக் காட்டினால், தனியாக நிற்கிற வழக்கறிஞருக்குப் பின்னால் சங்கம் நிற்கிறது என்று தெரியும்.

சீனியர்களே, உங்களிடம் தனியாகக் கேட்கிறேன். தூக்கோ ஆயுளோ விழக்கூடிய வழக்குகளில் சட்ட உதவிக்கு நியமிக்கப்படுகிறவருக்குக் குறைந்தது பத்தாண்டு அனுபவம் வேண்டும், தயாராகக் குறைந்தது ஏழு நாளாவது கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019 டிசம்பரிலேயே அனோகிலால் வழக்கில் சொல்லிவிட்டது. அந்தப் பத்தாண்டு அனுபவம் உங்களிடம்தான் இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இப்போது முழு நேரச் சட்ட உதவி எதிர்வாத வழக்கறிஞர் முறை வந்திருக்கிறது, அவர்கள் உழைக்கிறார்கள். ஆனால் ஒரு மாவட்டத்தின் மிகக் கொடிய வழக்குகளை அந்தச் சிலர் தோளில் மட்டும் ஏற்றிவிட்டு நாம் சொத்து வழக்குகளைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரு கொலை வழக்கு, ஒரே ஒரு வழக்கு, சம்பளம் பார்க்காமல் எடுக்கிறேன் என்று உங்கள் பெயரை ஆணைக்குழுவிடம் எழுதிக் கொடுங்கள். ஜூனியரை உங்கள் பக்கத்தில் உட்கார வைத்து நடத்துங்கள். அவர் கற்றுக்கொள்வது சட்டக் கல்லூரியில் கிடைக்காது.

வழக்கை எடுத்தவர் குற்றச்சாட்டு வனைவதற்கு முன்பே மதுரை மத்திய சிறைக்கு ஒரு நடை போய் வாருங்கள். கம்பத்திலிருந்து தூரம்தான். ஆனால் எதிரியின் வாயிலிருந்து நேரடியாகக் கேட்காத வழக்கை எப்படி நடத்துவது? அவர் எழுதப் படிக்கத் தெரியாதவராக இருப்பார், பயத்தில் மாற்றி மாற்றிப் பேசுவார், பொய்யும் சொல்வார். கேளுங்கள். சுருளித் தீர்ப்பின் நெறிமுறையைக் கையில் வைத்துக்கொண்டு, மாதிரியின் பதிவேட்டைக் கேட்டு மனுப் போடுங்கள். 48 மணி நேரம் தாண்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஆய்வக நிபுணரைக் கூண்டிலிருந்து அவசரமாக இறக்காதீர்கள்.

இளம் வழக்கறிஞர்களே, குறிப்பாக இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பெண்களே, உங்களை ஊர் கேட்கும், "அவனுக்காக எப்படி மனசு வந்தது?" என்று. பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. கேட்கிறவரைச் சுருளித் தீர்ப்பைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஊர்க்காரர்கள் இதைப் படித்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை. கொடிய வழக்கில் எதிரிக்காக நிற்கிற வழக்கறிஞரின் வீட்டுக்குக் கல் எறியாதீர்கள், அவர் பிள்ளைகளைப் பள்ளியில் கேலி செய்யாதீர்கள். நாளைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளையைப் போலீஸ் தவறாகக் கூட்டிப் போனால், அதே கதவைத்தான் தட்டுவீர்கள்.

வழக்கறிஞர் பெருமக்களே, அடுத்த சங்கக் கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ளுங்கள். தீர்மானம் போட்ட அன்றே, சட்ட உதவிக்கு முன்வருகிறவர்களின் பெயர்ப் பட்டியலை லட்சுமிபுரத்தில் ஆணைக்குழுவிடம் ஒப்படையுங்கள். முதல் கையெழுத்து சீனியர்களுடையதாக இருக்கட்டும்.

அன்புடனும் மரியாதையுடனும்,
உங்களில் பலருக்குக் கேஸ் கட்டு சுமந்த ஒரு பழைய குமாஸ்தா